இல்லமும் நலமும்: இடம் தவறித் தங்கிய கரு

காரவள்ளி அடிவாரத்தில் வண்டியேறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடைவோர் காணும் ஊர்களுள் ஒன்று சோளக்காடு. பலாவும் வாழையும் மிளகும் கைமாறும் சந்தையை உடைய ஊர். அவ்வூர்ப் பக்கத்திலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியுள்ளார். தம் பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய குறிப்புகளையும் நாமே நீக்கிவிட்டோம். எஞ்சியதை மட்டும் இங்கே தருகிறோம். அவர் கேட்கும் கேள்விகள் எத்தனையோ இல்லங்களில் வாய்திறந்து கேட்கப்படாமலே கிடக்கின்றன என்பது ஒன்றே அதற்குக் காரணம்.

மணமாகி மூன்று ஆண்டுகள் காத்திருந்த பின் அவருக்கு நாள் தள்ளிப்போயிற்று. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று வீட்டில் ஒரே மகிழ்ச்சி. ஆறாவது வாரமளவில் சிறிது உதிரம் பட்டது. "தூரந்தான், தள்ளி வந்திருக்கிறது" என்று அத்தை சொன்னார். ஆசை பொய்த்தது என்று இவர் இரண்டு நாள் அழுதுவிட்டுத் தோட்ட வேலைக்குத் திரும்பினார். அடிவயிற்றில் வலப்புறமாக ஒரு வலி மட்டும் விடவில்லை. சூட்டு வலி என்று வெந்தயமும் மோரும் கொடுத்தார்கள். வாயு என்று ஓமக் கஷாயம் கொடுத்தார்கள். விளக்கெண்ணெய் தேய்த்து வயிற்றை நீவியும் விட்டார்கள். நான்காம் நாள் தோள்பட்டையில் குத்தல் எடுத்தது. மிளகுக்கொடிக்கு ஏணி வைத்து ஏறியிறங்கிய பிடிப்பு என்று எண்ணித் தைலம் தடவினார்கள். அன்று மாலை கொல்லைப்புறம் போய்த் திரும்புகையில் வாசற்படியில் மயங்கி விழுந்தார். உடல் குளிர்ந்து வியர்த்திருந்தது; கண்ணிமையின் உட்புறம் சுண்ணாம்பைப் போல் வெளுத்திருந்தது. 108 ஊர்தியை அழைத்து, இருட்டில் அத்தனை வளைவுகளையும் இறங்கி, கீழே ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயிற்றைத் திறந்தபோது உள்ளே ஏறத்தாழ இரண்டு லிட்டர் இரத்தம் தேங்கியிருந்ததாம். வெடித்துப்போன வலப்புறக் கருக்குழாயை மருத்துவர்கள் நீக்கினார்கள். சகோதரி பிழைத்தார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இக்கடிதம் எழுதப்பட்டிராது. நலம் விசாரிக்க வந்த உறவுப் பெண் ஒருவர், "பிள்ளையை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயே, அது கொலைப்பாவம் அல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்றுமுதல் ஐந்து மாதங்களாக இவர் நற்கருணை உட்கொள்ளவில்லை. பங்குத் தந்தையிடம் சொல்லவும் கூச்சம். 'எனக்கு ஏன் இது வந்தது? நான் செய்தது பாவமா? இனி எனக்குப் பிள்ளை பிறக்குமா?' என்று மூன்று கேள்விகளை நம் முன் வைக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறோம். தாங்கள் பாவம் செய்யவில்லை, சகோதரி. அதன் காரணத்தைப் பின்னர் விரித்துரைப்போம். உடலின் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் அதை விளக்க இயலாது.

கருப்பையின் மேல்முனைகளிலிருந்து இருபுறமும் இரு குழாய்கள் நீள்கின்றன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. இவற்றைத் தெளிவாக வருணித்தவர் இத்தாலி நாட்டு உடற்கூற்று அறிஞர் கபிரியேலே ஃபலோப்பியோ. அவரது நூல் 1561-இல் வெளிவந்தது. ஃபலோப்பியன் குழாய் என்று மருத்துவர்கள் கூறுவது அவர் பெயராலேதான். அவர் தம் இளமையில் மொதேனா நகர்ப் பேராலயத்தில் குருவாகப் பணியாற்றியவர் என்பது நம் வாசகர்கள் அறிய விரும்பும் செய்தியாக இருக்கலாம். குழாயின் வெளிமுனை எக்காளத்தின் வாயைப்போல் விரிந்திருப்பதைக் கண்டு அதற்கேற்ற பெயரை இட்டவரும் அவரே.

சினைப்பையிலிருந்து புறப்படும் முட்டை இக்குழாயின் அகன்ற பகுதியில்தான் ஆணின் உயிரணுவோடு சேர்ந்து கருவாகிறது. ஆகவே, நம்மில் ஒவ்வொருவருடைய வாழ்வும் கருப்பையில் அன்று, கருக்குழாயிலேயே தொடங்கிற்று. குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. அவை நாற்று வயலில் காற்று வீசினாற்போல் ஒரே திசையில் அசைந்து கருவை மெல்லத் தள்ளிச் செல்லும். மூன்று நான்கு நாள்களில் கரு கருப்பையை அடைந்து, ஒரு வாரம் ஆகும்போது அங்கே மெத்தென்று ஆயத்தமாயிருக்கும் உட்படலத்தில் பதிந்துகொள்ளும். வழியில் தடையோ தாமதமோ நேர்ந்தால் குறித்த நாளில் கரு எங்கே இருக்கிறதோ அங்கேயே வேரூன்றத் தொடங்கிவிடும். அதற்குக் காத்திருக்கத் தெரியாது. இதைத்தான் இடம் மாறிய கர்ப்பம், அதாவது புறக்கர்ப்பம் என்கிறார்கள். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இவ்வாறு ஆகின்றன. அவற்றுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை குழாயிலேயே தங்குபவை. சினைப்பையிலும், கருப்பையின் கழுத்திலும், முன்பு சிசேரியன் செய்த தழும்பிலும், வயிற்றறையிலும் தங்குபவை மிகச் சில.

கருப்பையின் சுவர் பிள்ளையைத் தாங்கவென்றே படைக்கப்பட்டது. குழாயின் சுவரோ மெல்லியது. வேர்விடும் கரு அச்சுவரை ஊடுருவி இரத்த நாளங்களை அரிக்கிறது. விரிய இடமில்லாத குழாய் ஒருநாள் கிழிகிறது. குழாயின் குறுகிய பகுதியில் தங்கியிருந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள்ளும், அகன்ற பகுதியில் தங்கியிருந்தால் இன்னும் சில வாரங்கள் கழித்தும் இது நேரும். இரத்தம் வெளியே வருவதில்லை, வயிற்றறைக்குள்ளே கொட்டுகிறது. வெளியில் தெரியும் உதிரம் ஒரு துணியை நனைக்கும் அளவே இருக்க, உள்ளே உடலின் இரத்தத்தில் பாதி வடிந்துவிடக் கூடும். இந்நோயின் கொடுமை இதில்தான் இருக்கிறது.

'எனக்கு ஏன் வந்தது?' என்னும் கேள்விக்கு வருவோம். குழாயின் வழியைக் கெடுக்கும் எதுவும் இதற்குக் காரணமாகலாம். முதலிடம் பெறுவது அடிவயிற்று உறுப்புகளில் ஏற்படும் தொற்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரோ, கருச்சிதைவுக்குப் பின்னரோ, தாம்பத்திய உறவு வழியாகவோ கிருமிகள் ஏறிக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. புண் ஆறினாலும் நுண்மயிர்கள் அழிந்து தழும்பு நிலைத்துவிடுகிறது. துர்நாற்றத்தோடு கூடிய வெள்ளைப்படுதலையும் விடாத அடிவயிற்று வலியையும் வெட்கத்தால் மறைக்கும் பெண்கள் நம்மிடையே பலர் உளர். அத்தகைய தொற்றுக்கு மனைவி மட்டும் மருந்துண்டு கணவர் உண்ணாதிருந்தால் நோய் திரும்பி வரும் என்பதைக் குடும்பத் தலைவர்கள் கவனிப்பார்களாக. நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு, அது காசநோய். நுரையீரலை மட்டுமே தாக்கும் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். அது கருக்குழாயையும் தாக்கும். இருமலும் சளியும் இல்லாமல், பிள்ளைப்பேறின்மை ஒன்றையே அடையாளமாகக் காட்டி ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கியிருக்கும். குடல்வால் வெடித்து அறுவை செய்துகொண்டவர்கள், குழாயில் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்கள், பிள்ளைப்பேற்றுக்கென மருத்துவம் பெற்றுக் கருவுற்றவர்கள், 35 வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒருமுறை இது வந்தவர்களுக்கு மறுமுறையும் வரக்கூடும்.

இங்கே நம் பத்திரிகையில் எழுதத் தயங்கும் ஒன்றையும் எழுதியே ஆகவேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அதை இங்கே மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவ்வறுவையைச் செய்துகொண்ட தாய்மார்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய உயிர் நமக்கு அருமையானது. அறுவை செய்தாயிற்று, இனிக் கருத்தரிக்க வழியே இல்லை என்று அவர்கள் நம்புகின்றனர். அரிதாகவேனும் கருத்தரிப்பது உண்டு. அப்படித் தரித்தால் அது குழாயிலேயே தங்கிவிடும் அச்சம் மிகுதி. அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990-களில் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் உண்டான 143 கர்ப்பங்களில் 47 கருப்பைக்கு வெளியே தங்கியவை என்று கண்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று. காப்பர்-டி பொருத்தியிருக்கையில் கருவுற்றவர்கள் நிலையும் இத்தகையதே. ஆதலால், அத்தகைய பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால், 'இவளுக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே' என்று சொல்லி எவரும் அலட்சியம் செய்யலாகாது.

இவற்றுள் எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. புறக்கர்ப்பம் உற்ற பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எக்காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஏணியில் ஏறியதாலும், பாரம் தூக்கியதாலும், மலைப்பாதையில் பயணம் செய்ததாலும், அன்னாசியோ பப்பாளியோ உண்டதாலும் கரு இடம் மாறுவதில்லை. யாருடைய சாபத்தாலும் கண்ணேறாலும் மாறுவதில்லை. சகோதரியின் அத்தையும் அந்த உறவுப் பெண்ணும் இவ்வரிகளைப் படிக்கவேண்டும் என்பது நம் விருப்பம்.

அறிகுறிகளைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். உயிர் பிழைப்பது அவற்றை அறிந்துகொள்வதில்தான் இருக்கிறது. நாள் தள்ளிப்போதல், அடிவயிற்றில் பெரும்பாலும் ஒருபுறமாக வலி, சிறிதளவு உதிரம் படுதல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. மூன்றும் எல்லாரிடத்தும் சேர்ந்து வருவதில்லை. சிலருக்கு நாள் தள்ளியதே தெரியாது. படும் உதிரத்தையே மாதவிலக்கு என்று கொண்டுவிடுவார்கள். நம் சகோதரியின் வீட்டில் நேர்ந்த பிழை இதுவே. அவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். வழக்கமான தூரத்தைக் காட்டிலும் குறைவாகவும், கருமை கலந்தும், விட்டுவிட்டும் வரும் உதிரத்தை ஐயத்தோடு பார்க்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை அட்டையை அன்றைக்கே பயன்படுத்தலாம். துணைச் சுகாதார நிலையத்தில் கிராமச் செவிலியரிடமும் அது உண்டு. கர்ப்பம் என்று காட்டி, அதோடு வலியும் இருந்தால், கரு எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் வழியாகப் பார்க்கும்வரை ஓய்ந்திருக்கலாகாது. சோதனை அட்டை கர்ப்பம் உண்டு என்று மட்டுமே சொல்லும். எங்கே என்று சொல்லாது.

தோள்பட்டை வலிக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று சகோதரி வியப்போடு கேட்கிறார். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத் தட்டுக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியிலிருந்து வருபவை. வயிற்றில் கொட்டிய இரத்தம் மேலேறி உதரவிதானத்தைத் தொட்டு உறுத்தும்போது, உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று மூளை தடுமாறித் தோள் வலிப்பதாகக் கொள்கிறது. படுக்கும்போது இவ்வலி மிகும். கருவுறும் வயதுடைய பெண் ஒருத்திக்கு வயிற்றுவலியோடு தோள்நுனி வலியும் சேர்ந்து வந்தால், தைலப் புட்டியைத் தேடாமல் வண்டியைத் தேடவேண்டும்.

வேறொரு குறியும் உண்டு. இரத்தம் அடிவயிற்றின் பள்ளத்தில் தேங்கி மலக்குடலை அழுத்துவதால் அடிக்கடி மலம் கழிக்கவேண்டும் என்னும் உணர்வு தோன்றும். கழிப்பிடத்திலேயே மயங்கி விழுந்தவர்கள் பலர். வயிற்றுப்போக்கு என்று தவறாகக் கொண்டு உப்புக்கரைசல் கொடுத்துக் காலம் கடத்துவது வழக்கம். தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல், வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, விரைந்தோடும் நாடி ஆகியவை உள்ளே இரத்தம் கொட்டுவதைக் காட்டும். இளம் பெண்ணின் உடல் இரத்த இழப்பை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பாள். பிறகு ஒரே கணத்தில் சரிந்துவிடுவாள். நன்றாகத்தானே இருந்தாள் என்று வீட்டார் சொல்வதில் பொய்யில்லை.

மலையின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். மலைப்பகுதித் தாய்மார்களுக்காக அரசு செய்திருக்கும் ஏற்பாடுகள் பல. 108 ஊர்தி 2008-இல் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிற்று. செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டுள்ளது. பேறுகாலம் நெருங்கிய மலைவாழ் தாய்மார்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அறைகள் அமைத்திருக்கிறார்கள். டோலி கட்டி நோயாளியைத் தூக்கிச் சென்ற பழங்காலத்தோடு ஒப்பிட்டால் இவை பெரும் பேறு. (வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்து உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் இந்தக் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கே மறைப்பணியும் மருத்துவமும் செய்துவந்த அவர் தந்தை 1929-இல் காய்ச்சல் கண்டு இம்மலையிலேயே இறந்தார். நம் சபையினர் அல்லர் எனினும் மலைமக்கள் மறவாத குடும்பம் அது.) ஆனால் இவ்வேற்பாடுகளில் பெரும்பாலானவை ஒன்பதாம் மாதத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. புறக்கர்ப்பமோ இரண்டாம் மாதத்தில் வருகிறது. வயிறு தெரியாத காலம். ஊராருக்குச் சொல்லாத காலம். மூன்று மாதம் முடியட்டும், பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் காத்திருக்கச் சொல்லும் காலம். காவல் எல்லாம் வாசலில் நிற்க, கள்வன் கொல்லைப்புறமாக வருகிறான். மலையிறங்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் ஓர் ஊரில், வலி தொடங்கிய அன்று காலையில் புறப்படுவதும், மயங்கி விழுந்த பின் இரவில் புறப்படுவதும் ஒன்றாகா. நாள் தள்ளிய உடனேயே கிராமச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். கண்ணேறு படும் என்று அஞ்சுவோர் ஊராரிடம் சொல்லாவிட்டாலும் செவிலியரிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

புறப்படும்போது செய்யத்தகாதவையும் உண்டு. வயிற்றை நீவக்கூடாது. கஷாயமோ சோடாவோ சோறோ கொடுக்கக்கூடாது. அறுவை செய்ய நேர்ந்தால் வயிறு வெறுமையாக இருப்பது நலம். நோயாளியை நடத்திச் செல்லாமல் படுக்கவைத்துக் கொண்டுசெல்க. இரத்தப் பிரிவு தெரிந்த உறவினர் இருவர் உடன் செல்வது பேருதவி. குருவானவரை அழைத்து நோயிற்பூசுதல் பெற விரும்பினால் மருத்துவமனைக்கே வரச்சொல்லுங்கள்; அவருக்காக வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். மற்றொன்று. மருந்துக்கடையில் கமுக்கமாக வாங்கி உண்ணும் கருக்கலைப்பு மாத்திரை பாவம் என்பது ஒருபுறமிருக்க, புறக்கர்ப்பத்தில் அது பயன்படுவதும் இல்லை. உதிரம் போவதைக் கண்டு எல்லாம் முடிந்தது என்று அவள் நம்பியிருக்க, கரு குழாயை அரித்துக்கொண்டே இருக்கும்.

மருத்துவமனையில் உள்வழி ஸ்கேனும், கர்ப்பகால இயக்குநீரின் அளவை இரண்டு நாள் இடைவெளியில் ஒப்பிடும் இரத்தச் சோதனையும் உண்மையைக் காட்டிவிடும். குழாய் கிழியுமுன் கண்டறிந்தால் துளைவழி அறுவையோ மருந்தோ போதும். சிலருக்கு மருத்துவரின் கண்காணிப்பில் கரு தானாகவே கரைந்துபோவதும் உண்டு. கிழிந்துவிட்டால் உடனே வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டி நீக்குவதொன்றே வழி. இவ்வழியை உலகுக்குக் காட்டியவர் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மருத்துவர் லாசன் டெய்ட். 1881-இல் இத்தகைய நோயாளி ஒருத்தியைக் காண அவரை அழைத்த மருத்துவர், வயிற்றைத் திறந்து குழாயை எடுத்துவிடலாமே என்று யோசனை சொன்னார். டெய்ட் தயங்கினார், அப்பெண் இறந்தாள். இறந்த பின் ஆராய்ந்தபோது கிழிந்த நாளத்தைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று கண்டு வருந்தினார். 1883 ஜனவரியில் செய்த முதல் அறுவை தோற்றது. மார்ச்சில் செய்தது வென்றது, அப்பெண் பிழைத்தாள். அன்றுவரை இந்நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தார்கள்.

இனி மனச்சான்றின் கேள்வி. குற்றமற்ற உயிரை நேரடியாகக் கொல்வது எக்காலத்தும் ஆகாது என்பது திருச்சபையின் மாறாத போதனை. அந்தப் போதனையை முன்னிட்டே, முதிராத கருவைக் கருப்பைக்கு வெளியிலிருந்து எடுக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, 1902-இல் உரோமைத் திரு அலுவலகம் ஆகாது என்று விடையிறுத்தது. அதன்பின் கத்தோலிக்க மருத்துவர்கள் பெரும் கலக்கத்துக்கு உள்ளானார்கள். அறநெறி வல்லுநர்கள் ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். அமெரிக்க இயேசு சபைக் குரு லிங்கன் பூஸ்கேரன் 1933-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் காட்டிய வழி இது: கரு அரித்த குழாய் கிழியுமுன்னரே நோயுற்ற உறுப்பாகிவிடுகிறது; நோயுற்ற உறுப்பை நீக்குவது தாய்க்குச் செய்யும் மருத்துவம்; அதில் கரு இறப்பது முன்னறியப்படுகிறதே ஒழிய விரும்பப்படுவதில்லை, அதுவே வழியாகக் கொள்ளப்படுவதும் இல்லை. இக்கருத்தைக் கத்தோலிக்க அறநெறியாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டுள்ளார்கள். தாயின் உயிரைக் காக்க, அவள் கருவுற்றிருப்பதைச் சாராத காரணத்துக்காக உடனடி அறுவை தேவைப்பட்டு, அதன் விளைவாக விரும்பாமலே கருவின் சாவு தவிர்க்கமுடியாது நேரிடுமானால், அது குற்றமற்ற உயிரை நேரடியாகத் தாக்குவதாகாது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951 நவம்பரில் ஆற்றிய உரையில் தெளிவுபடுத்தினார். குழாயைத் திறந்து கருவை மட்டும் எடுப்பதைப் பற்றியும், கருவின் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசி மருந்தைப் பற்றியும் அறநெறியாளரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நேரம் இருக்கும்போது அவற்றைக் குறித்து மருத்துவரிடமும் குருவிடமும் கேட்டுத் தெளிவது நன்று. நம் சகோதரியின் நிலையிலோ கேட்டுத் தெளிய நேரமும் இல்லை, ஐயத்துக்கு இடமும் இல்லை. குழாய் வெடித்துவிட்டது, இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது, அத்தகைய வேளையில் கரு பெரும்பாலும் முன்னரே இறந்திருக்கும். அவர் கையெழுத்திட்டது தம் உயிரைக் காக்கும் அறுவைக்கே.

புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவை எடுத்துக்காட்டி, தாய் தன்னைத் தியாகம் செய்திருக்க வேண்டாமா என்று கேட்போர் உண்டு. இத்தாலியில் குழந்தை மருத்துவராக இருந்த அப்புனிதை நான்காவது குழந்தையைச் சுமந்திருந்தபோது கருப்பையில் கட்டி கண்டது. 1961-இல் கட்டியை மட்டும் நீக்கச் சொல்லிக் குழந்தையைக் காத்துக்கொண்டார்; 1962 ஏப்ரல் 21-ஆம் நாள் மகள் பிறந்தாள்; ஒரு வாரத்தில் தாய் இறந்தார். 2004-இல் புனிதையாக உயர்த்தப்பட்டார். அக்குழந்தை கருப்பையில் இருந்தது. தாய் ஏற்ற துன்பத்தால் அதற்கு வாழ்வு கிடைத்தது. குழாயில் தங்கிய கருவோ, தாய் எவ்வளவு துன்புற்றாலும் பிறக்கப்போவதில்லை. அதைக் குழாயிலிருந்து எடுத்துக் கருப்பையில் மாற்றி வைக்கும் மருத்துவமும் இன்றுவரை நிலைபெறவில்லை. வயிற்றறையில் தங்கிய கரு அரிதினும் அரிதாக முதிர்ந்து உயிரோடு எடுக்கப்பட்ட செய்திகள் உண்டு. அவற்றைக் கேட்டுவிட்டுக் குழாய்க் கர்ப்பத்துக்கும் அவ்வாறே நேரும் என்று காத்திருத்தல் ஆகாது. அங்கே காத்திருந்தால் பிள்ளையும் பிழைப்பதில்லை, தாயும் பிழைப்பதில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றியும் சகோதரி ஒரு வரி எழுதியிருக்கிறார். கடிதத்தில் மை கலைந்திருந்த இடம் அதுவே. திருமுழுக்குப் பெறாமல் போயிற்றே என்கிறார். சிதைந்து வெளிப்படும் கரு உயிரோடு இருந்தால் இயன்றவரை திருமுழுக்குக் கொடுக்கவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 871-ஆம் விதி கூறுகிறது. உயிரோடு இல்லாதபோது அதற்கு இடமில்லை. யாரும் கடமை தவறியதாகவும் ஆகாது. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. மறைக்கல்வி நூலின் 1261-ஆம் எண் அதைக் கூறுகிறது. சிறு குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவரை நம்பியே அவ்வாறு செய்கிறது. மீட்பின் நம்பிக்கைக்குத் தக்க ஆதாரங்கள் உண்டு என்று உரோமையின் அனைத்துலக இறையியல் குழுவும் 2007-இல் விரிவாக எழுதியுள்ளது. அப்பிள்ளைக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பங்குத் தந்தையை நாடலாம். அப்போது மற்றதையும் அவரிடம் சொல்லிவிடலாம், கூச்சம் வேண்டா. ஏழு வாரப் பிள்ளைக்கு அழுவதா என்று கேட்கும் உறவினர்களுக்குத் தாங்கள் விடை சொல்லவேண்டிய கடமை இல்லை. கணவரும் அழுதிருப்பார், அவரைக் கேட்டார் ஒருவரும் இரார்.

மூன்றாவது கேள்விக்கு விடை மகிழ்ச்சி தருவது. ஒரு குழாய் இருந்தாலே பிள்ளைப்பேற்றுக்கு வழியுண்டு. இவ்வாறு இழந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் பின்னர்க் கருவுற்று நற்பேறு பெறுகிறார்கள். மீண்டும் குழாயில் தங்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவு இருப்பதால், அடுத்த முறை நாள் தள்ளிய மறுவாரமே மருத்துவரைக் கண்டு, ஆறாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். கரு கருப்பையில்தான் இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு மலைக்குத் திரும்பினால் போதும். மருத்துவமனையில் கொடுத்த விடுவிப்புச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்; எந்தக் குழாயை நீக்கினார்கள், எஞ்சியது எந்நிலையில் இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். தங்கள் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் பிரிவாக இருந்தால், அறுவைக்குப் பின் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று அச்சீட்டில் பார்த்து, அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய்ச் சோதனை ஒன்றும் செய்துகொள்வது நல்லது. மூன்று ஆண்டுகள் பிள்ளைப்பேறு தள்ளிப்போனதற்கும் அதுவே காரணமாயிருந்தால், மருந்துண்டு குணமாகலாம். உடலில் இரத்தம் ஊறச் சில மாதங்கள் ஆகும். மலையில் விளையும் கேழ்வரகும் கீரையும் உண்ணுங்கள், மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தவேண்டா.

தங்கள் கடிதத்தை அத்தையிடம் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழை மட்டும் அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.